மிஸ்ஸி இரண்டாம் தடவை கேட்கவில்லை

இந்தச் சீமையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டால் தகப்பனுக்கும் சேர்த்துத் தபால் வருகிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் வாத்தியாருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வரப்பில் நின்று கையைத் தட்டிக் கூப்பிடுவார். "ஒம் மவன் இன்னிக்கும் வரல்லடா!" என்பார். தகப்பன் ஏரைப் பிடித்தபடியே "நாலு போடுங்க சாமி!" என்பான். அத்தோடு விஷயம் முடிந்தது. கோலாலம்பூரில் அப்படியில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என் மகள் அன்னபூரணி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் புத்தகத்துக்குள் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருக்கும். இங்கிலீஷ் வகுப்பில் அந்த மாதம் எந்தக் கதையைப் படித்தார்கள், எதைப் பற்றி எழுதினார்கள், உங்கள் பெண் எழுந்து நின்று எப்படி வாசித்தாள் என்றெல்லாம் வகுப்பு மிஸ்ஸி தன் கையாலேயே எழுதியிருப்பாள். வகுப்பில் இருந்தது இருபது பெண்கள். இருபது வீட்டுக்கும் இப்படி ஒவ்வொன்று. அடியில் தகப்பன் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். தவணைக்கு ஒரு தடவை நேரில் வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்பதும் அந்த அம்மாள் போட்ட சட்டம். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உட்கார்ந்து மாட்டுவண்டிக்காரனுக்குக் கடிதம் எழுதுகிறாள், உன் மகள் இந்த மாதம் இதைப் படித்தாள் என்று! எனக்கு அது மரியாதையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மாட்டுவண்டிக்காரன் என்று ஒரு அடக்கத்துக்காகச் சொன்னேன். கோலாலம்பூரில் எங்கள் பிரிக்பீல்ட்ஸில் போய் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பத்தொன்பது வயதில் ஒரு வேட்டியும் ஒரு துண்டுமாகப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியவன் நான். கப்பலில் மேல்தளத்தில், வெயிலிலும் மழையிலும், ஆடுமாட்டுக்குப் பக்கத்தில் படுத்து வந்தேன். தகரக் குவளையில் கஞ்சி. வாந்தி எடுத்துக்கொண்டே குடித்த கஞ்சி. கரையில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று முகாமில் அடைத்து வைத்து, அப்புறம்தான் விட்டார்கள். ரயில் ஓடுவதற்குக் கம்பிச்சடக்கு போட்ட இடத்தில் ஏழு வருஷம் கல் சுமந்தேன். பிறகு ஒரு வண்டி வாங்கினேன். ஒன்று மூன்றாகி, மூன்று இருபத்தெட்டு ஆனது. கிள்ளான் ரோட்டில் இன்றைக்கு மோட்டார் குலுங்காமல் போகிறதே, அந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிற கல்லில் பாதி என் வண்டியில் போனது. பள்ளிக்கூட வாசலை மிதித்தவனில்லை. தமிழ் எழுத்தையே முப்பது வயதுக்கு மேல், கூலியாட்களை மேய்க்கிற ஒரு மண்டோர் சொல்லிக் கொடுத்துத்தான் படித்தேன். இதோ, உங்களுக்கு நானே எழுதுகிறேன். பேனா பிடித்து எழுதுவதற்கு ஆள் வைத்துக்கொள்ள எனக்கு வசதி இல்லாமல் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஆள் வைத்து எழுதக் கூடாது என்று இருக்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

பூரணி ஒரே மகள். அவளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டபோது என் வீட்டுக்காரி முத்தம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பெண் பெரியவளான பிறகும் நான் நிறுத்தவில்லை. "வயசுக்கு வந்த பொண்ணு தெனம் ரிக்ஷா ஏறிப் போவுது. ஊர்ல தெரிஞ்சா என்னா சொல்வாங்க?" என்றாள். "ஊர்ல இருக்கிறவன் ஒருத்தனாச்சும் ரிக்ஷாவப் பாத்திருக்கானா, சொல்றதுக்கு?" என்றேன். ஊருக்கு நான் எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும், என் மகள் பெரிய பரீட்சை எழுதி உத்தியோகம் பார்க்கப் போகிறாள், நம் ஜில்லாவிலேயே இப்படி ஒரு பெண் கிடையாது என்று எழுதினேன். உங்களில் சிலர் அதைப் படித்திருப்பீர்கள். சிலர் பதில் எழுதி வாழ்த்தவும் செய்தீர்கள்.

முதல் தவணைக்கு நானேதான் போனேன். வேட்டியை வெளுத்துக் கட்டி, தலைப்பாகை சுற்றி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாசலில் போய் நின்றேன். அங்கே காவலுக்கு இருந்த பஞ்சாபிக்காரன் என் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். விறகு என்றால் பின்பக்கம் என்று மலாயில் சொன்னான். விறகு இல்லை, என் மகள் என்றேன். அவனுக்கு நான் சொன்ன மலாய் புரியவில்லையோ, புரிந்தும் நம்பவில்லையோ, கையை நீட்டிப் பின்பக்கத்தையே காட்டினான். துரைமாரை எதிர்த்து நின்று பேசுகிற நான், அன்றைக்கு என்ன ஆயிற்றோ, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே விறகு அடுக்கியிருந்தது. அதற்கு நேர் மேலே ஒரு ஜன்னல். உள்ளே பெண்பிள்ளைகள் இங்கிலீஷில் ஏதோ ஒரே குரலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இருபது குரலில் என் பெண்ணின் குரல் எது என்று காதைத் தீட்டிக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மிஸ்ஸியைப் பார்த்துப் பேசியாயிற்று, உன்னைப் பற்றி ஒரே புகழ்ச்சி என்று பூரணியிடம் சொன்னேன். "அப்படியாப்பா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடினேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கண்டிராக்டர் எதையும் தான் செய்வதில்லை. கல் உடைக்க ஒரு ஆள், மாட்டுக்கு லாடம் அடிக்க ஒரு ஆள், ஆபீசில் துரையிடம் இங்கிலீஷ் பேச கிராணி என்கிற ஒரு குமாஸ்தா. நான் பின்னால் நின்று தலையாட்டினால் போதும். பொன்னையா கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்று, என்னிடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தங்கக் கம்பி மூக்குக்கண்ணாடி. பார்த்த மாத்திரத்தில் யாரும் நாற்காலி போடுவார்கள். அவரைக் கூப்பிட்டேன். "கிராணியாரே, பள்ளிக்கூடத்துக்கு இனிமே நீர்தான் பூரணிக்குத் தகப்பன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என்ன முதலாளி சொல்லுறியள்? தகப்பனுக்கு ஆள் போடுறதோ?"

"ஏன், ஆபீசுக்குப் போடலியா?"

"ஆபீஸ் வேற, இது வேற."

"அங்கயும் வெள்ளைக்காரன், இங்கயும் வெள்ளைக்காரி. என்னா வேற? போய்ட்டு வாரும் ஓய்."

போனார். அவர் போன அன்று பஞ்சாபிக்காரன் சலாம் போட்டானாம். மிஸ்ஸி எழுந்து நின்று கை கொடுத்தாளாம். பூரணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்பா, கிராணி மாமா ஏன் வந்தாரு?" என்று கேட்டாள். "எனக்கு வேல இருந்திச்சி. அவர் வந்தா என்னா, நான் வந்தா என்னா? மிஸ்ஸி கேட்டா அப்பான்னே சொல்லிடு" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

மாதம் ஒரு காகிதம் வரும். கிராணியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இந்த மாசம் வகுப்பிலை ஒரு கப்பல் கதை வாசிச்சவையாம். பிள்ளை எழும்பி நிண்டு…" என்று ஆரம்பிப்பார். நான் கையைக் காட்டி நிறுத்துவேன். "கதையெல்லாம் இருக்கட்டும். எத்தனாவது?" முதலாவது, அல்லது இரண்டாவது. அதைக் கேட்டதும் எழுந்து வண்டிப்பேட்டைக்குப் போய்விடுவேன். கிள்ளானில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு இங்கிலீஷ்ல ஒண்ணாவது, வெள்ளைக்காரி கைப்பட எழுதியிருக்கா" என்று சத்தமாகச் சொல்லுவேன். ஒரு தடவை ஒருவன், "என்னா எழுதியிருக்காங்கண்ணே?" என்று கேட்டான். "எழுதியிருக்கான்னா எழுதியிருக்கா. ஒனக்குச் சொன்னா வெளங்கவா போவுது?" என்று மடக்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். இன்றைக்கு யோசித்தால், மூன்று வருஷத்தில் வந்த முப்பது காகிதத்தில் என் பெண் என்ன படித்தாள், எதைப் பற்றி எழுதினாள், எந்த இடத்தில் தடுக்கினாள் என்று ஒரு வரி எனக்குத் தெரியாது. சொல்லத்தான் அந்தம்மாள் மெனக்கெட்டு எழுதினாள். கேட்பதற்கும் சேர்த்து ஆள் போட்டவன் நான்.

மூன்றாம் வருஷம் நடுத் தவணையில் கிராணியார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இண்டைக்குக் கொஞ்சம் சங்கடமாப் போச்சு முதலாளி. பிள்ளை உங்கட கப்பல் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்காள். மிஸ்ஸி என்னைப் பாத்து, உங்கட பயணத்தைக் கொஞ்சம் சொல்லுங்கோ எண்டு கேட்டா. எனக்கென்ன தெரியும்? நான் வந்த மாதிரியே சொல்லிப்போட்டன். அறை எடுத்து வந்தனான், காலமை தேத்தண்ணி தருவினம், கடல் அமைதியா இருந்தது எண்டு. அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தவ." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "சமாளிச்சிட்டீரே! அறை எடுத்து வந்தவன்னே இருக்கட்டும், கௌரவமாத்தான் இருக்கு" என்றேன்.

அன்று சாயங்காலம் நான் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தபோது பூரணி வந்து பக்கத்தில் நின்றாள். "அப்பா, நீங்க மேல்தளத்துலதான வந்தீங்க?"

"பின்ன, எனக்கென்னா பல்லக்கா வச்சிருந்தான்?"

"கஞ்சிதான குடிச்சீங்க? தகரக் குவளையில?"

"ஆமாடி, நூறு தடவ சொல்லியிருக்கேன். எதுக்குக் கேக்கிற?"

"சும்மாத்தான்" என்றாள். தவிட்டு வாளியை ஒரு பக்கம் பிடித்துக் கொஞ்ச தூரம் என்னோடு தூக்கி வந்தாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் வந்த காகிதம் மற்றவை போல இல்லை. அதைக் கிராணியார் நின்றுகொண்டே படித்தார். மேல் வகுப்புக்கு இந்த வருஷம் சில பெண்களைத்தான் எடுப்பார்கள். அங்கே இரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்துப் பெரிய பரீட்சை எழுதலாம், எழுதினால் உபாத்தியாயினியாக வரலாம். அன்னபூரணி வர வேண்டும் என்பது தன் ஆசை. தகப்பனார் வருஷ விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுவதற்குள் நேரில் வந்து தம் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். இதுதான் சாரம். என் உச்சி குளிர்ந்துவிட்டது. நான் கேட்க நினைத்ததை அவளே கேட்கிறாள்! முத்தம்மா அடுப்பங்கரையிலிருந்து, "ரெண்டு வருசமா? போதும்ங்க, கிள்ளான்ல இருந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்க" என்றாள். "சும்மா கெட" என்றேன். கிராணியாரைப் பார்த்து, "போய், இஷ்டமில்லைன்னு சொல்லிட்டு வாரும்" என்றேன்.

ஊரில் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடுங்கள் என்றதும் இலையில் உட்கார்ந்துவிடுகிறோமா? இப்போதுதான் ஆயிற்று என்கிறோம். அவர்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். பெண் கேட்டு வந்தால் முதல் நடையிலேயே சரி என்கிறோமா? இங்கே என் தொழிலும் அப்படித்தான் நடந்தது. ஒரு துரை பாலத்து வேலையைக் கொடுக்கிறேன் என்று கூப்பிட்டனுப்பினான். முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். மூன்றாம் நாள் குதிரையில் என் வீட்டு வாசலுக்கே வந்தான். தெருவே பார்த்தது. அன்றிலிருந்துதான் பிரிக்பீல்ட்ஸில் என் பெயருக்கு முன்னால் பெரியவர் என்று ஒட்டிக்கொண்டது. அதே மாதிரி மிஸ்ஸியும் ரிக்ஷா ஏறி என் வாசலுக்கு வந்து, உங்கள் பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிறகு, நீங்கள் இவ்வளவு சொல்வதால் ஆகட்டும் என்று சொல்ல வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

கிராணியாருக்கு இது பிடிக்கவில்லை. "முதலாளி, இஞ்ச பாருங்கோ. இது ரோட்டுக் கல்லு இல்லை. அவை ஒருக்காத்தான் கேப்பினம். ரெண்டாந்தரம் வரமாட்டினம்."

"வருவாங்க ஓய்! வரல்லன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்."

"மீசை முளைக்கும். பிள்ளையின்ரை படிப்பு?"

"நீர் போற வேலைய மட்டும் பாரும்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது, "சொல்லிப்போட்டன்" என்ற ஒரு வார்த்தையோடு கணக்கறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் வீட்டு முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பிரம்பு நாற்காலி இரண்டு வாங்கிப் போட்டேன். வெள்ளைக்காரி குடிப்பாளே என்று டீக்கோப்பை, தட்டு. ரிக்ஷா மணி கேட்டால் எட்டிப் பார்ப்பேன். ஒரு வாரம், இரண்டு வாரம். பூரணி, "மிஸ்ஸிகிட்ட சொல்லியாச்சாப்பா?" என்று கேட்டாள். "எல்லாம் சொல்லியாச்சி. அவுங்களே வருவாங்க பாரு" என்றேன். அவளும் என்னோடு சேர்ந்து நாற்காலியைத் துடைத்து வைத்தாள். மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை அவள் வந்தபோது நான் முகப்பில்தான் இருந்தேன். புத்தகத்தை நாற்காலியில் வைத்தாள். "மேல் வகுப்புக்குப் பேர் படிச்சாங்க. எம் பேர் இல்ல. மிஸ்ஸிகிட்டப் போய்க் கேட்டேன். உங்கப்பாவுக்கு இஷ்டமில்லையாமே, நான் என்ன செய்யட்டும்னாங்க" என்றாள். அழவில்லை. "ஏம்ப்பா வேணாம்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வேன்? வேண்டும் என்பதற்காகத்தான் வேண்டாம் என்றேன் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் புரியுமா? அது இந்த ஊரில் பிறந்த பிள்ளை.

மறுநாள் கிராணியார் வேலைக்கு வரப் பிற்பகலாயிற்று; வந்ததும் அவரிடம் ஓடினேன். போய் மாற்றிச் சொல்லும் என்றேன். முதல் முறையாக அவர் என்னிடம் முடியாது என்றார். "இனி நான் எந்த முகத்தோடை போறது? அவைக்கு நான்தானே வேண்டாம் எண்ட தகப்பன். நீங்கள் போங்கோ முதலாளி. பெத்தவர் நீங்கள் போங்கோ." நியாயம்தான். உடுத்து மாற்றினால் பள்ளிக்கூடம் மூடிவிடும் என்று வண்டிப்பேட்டையிலிருந்தே நடந்தேன். மழை பெய்து விட்டிருந்தது. முழங்கால்வரை செம்மண். இந்தத் தடவை பஞ்சாபிக்காரன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவே இல்லை, உள்ளே போய்விட்டேன். துடைத்து வழவழவென்றிருந்த தாழ்வாரத்தில் என் கால் தடம் பின்னாலேயே வந்தது. மிஸ்ஸி ஒரு அறையிலிருந்து வெளியே வந்தாள். நெட்டையான அம்மாள், சட்டைக் கையில் சுண்ணாம்புக்கட்டித் தூள். கோபமாகப் பேசவில்லை. நிதானமான மலாயில், என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அன்னபூரணி விஷயமாக வந்தேன், அவள் மேல் வகுப்புக்குப் போகட்டும் என்றேன். யார் சொல்லி அனுப்பினார்கள் என்றாள். அவளுடைய அப்பா என்றேன். அப்பா வந்து இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாரே, நீ யார் என்றாள். நான் செம்மண் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இங்கிலீஷ் தெரியாத மனிதரிடம் பேசி மாளாது என்று நினைத்தாளோ என்னவோ, உள்ளே திரும்பிப் பூரணியைக் கூப்பிட்டாள்.

என் மகள் வந்தாள். கையில் திறந்த புத்தகம். என் முகத்தைப் பார்த்தாள், கால் தடத்தைப் பார்த்தாள். மிஸ்ஸி அவளிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். யார் இந்த ஆள் என்றுதான் கேட்டிருப்பாள், அதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. பூரணி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஓராங் கெர்ஜா" என்றேன். வேலைக்காரன். அந்த வீட்டு வேலைக்காரன். மூன்று வருஷமாக வேறொருவரை அப்பா என்று சொன்ன பிள்ளை பொய்க்காரி ஆகிவிடக் கூடாது, கிராணியார் மானம் போய்விடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பத்து வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது வயதாகிவிட்டது, உள்ளதைச் சொல்லலாம். அந்தத் தாழ்வாரத்தில் அந்தக் காலோடு நின்றுகொண்டு, நான்தான் இவளுக்குத் தகப்பன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு வண்டிக்காரன், பெரியவர், அந்த இடத்தில் வாய் வரவில்லை.

மிஸ்ஸி நீளமாக ஏதோ சொன்னாள். இரக்கமாகத்தான் சொன்னாள், குரலில் தெரிந்தது. அதைத் தமிழில் எனக்குச் சொல்லும்படி பூரணிக்குக் கையைக் காட்டினாள். என் மகள் என் கண்ணைப் பார்த்தபடியே சொன்னாள்: "இடம் வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சாம். மாத்த முடியாதாம். ரொம்ப வருத்தப்படறாங்களாம். ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லிடுங்க."

நான் கையைக் கூப்பிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவள் அதைப் பற்றி அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறு வருஷம் தை மாதம் கிள்ளான் மாப்பிள்ளைக்கே கல்யாணம் செய்து கொடுத்தேன். பந்தல் போட்டு மூன்று நாள் சாப்பாடு, நாதஸ்வரம் பினாங்கிலிருந்து வந்தது, கோலாலம்பூரே வந்து சாப்பிட்டுப் போனது. ஊருக்கு எழுதிய கடிதத்தில் பந்தலைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். உத்தியோகத்தைப் பற்றி எழுதவில்லை. நீங்களும் நாகரிகமாகக் கேட்கவில்லை. மாப்பிள்ளை நல்லவர், மளிகைக் கடை வைத்திருக்கிறார், குறை சொல்ல முடியாது. பூரணிக்கு இரண்டு பிள்ளைகள். கிராணியார் அடுத்த வருஷமே யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போகேலாது எண்டு முதல் நாளே சொல்லியிருக்கோணும்" என்றார். சொல்லியிருந்தால் வேறு கிராணியைப் போட்டிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

போன வருஷம் என் தம்பி மகன் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் வந்தேன். கோலாலம்பூரில் ரயில் ஏறினேன். கிள்ளானில் பூரணி வந்து ஏறிக்கொண்டாள். கப்பல் வரைக்கும் வந்து வழியனுப்புகிறேன் என்றாள். பெட்டியில் எங்கள் இருவரையும் விட்டால் தூங்குகிற ஒரு சீனக் கிழவர்தான். வெளியே ரப்பர் பால் எடுக்கிற கித்தாக் காடும் சதுப்பும் மாறி மாறிப் போயின. திடீரென்று சிரித்தாள். "கப்பல்னதும் ஞாபகம் வருதுப்பா. ஒரு கட்டுரை எழுதினேன், எங்கப்பா கடல் தாண்டி வந்த கதைன்னு" என்றாள். தெரியும், கிராணியார் சொன்னார் என்றேன். அதற்குப் பிறகு நடந்தது தெரியாதே என்றாள்.

எழுதிய அன்று மிஸ்ஸி அதை வகுப்பு முழுக்கக் கேட்கப் படித்துக் காட்டினாளாம். மேல்தளம், ஆடுமாடு, தகரக் குவளை எல்லாம் அதில் இருந்ததாம். மறு வாரம் கிராணியார் வந்து அறை எடுத்து வந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனதும், மிஸ்ஸி இவளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் தகப்பனாரைப் பற்றி இல்லாததை எழுதலாமா, நடந்ததை எழுதக் கற்றுக்கொள் என்று சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்துக் கொடுத்தாளாம். இவள் உட்கார்ந்து, அறை, தேத்தண்ணி, அமைதியான கடல் என்று திரும்ப எழுதிக் கொடுத்தாளாம். அதற்கு நல்ல மார்க்கும் போட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு அவள் ஏன் கஞ்சியைப் பற்றிக் கேட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொல்லி? கிராணி மாமாவத்தான் திரும்ப அனுப்புவீங்க" என்றாள். கொஞ்ச தூரம் ரயில் போனபிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க செம்மண் காலோட வந்து நின்னீங்களே, அன்னிக்கி எனக்கு ரொம்ப சந்தோஷம்ப்பா. எல்லாத்தையும் சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். எழுதினது நெசம்னு மிஸ்ஸிக்குத் தெரிஞ்சிடும்னு. மேல் வகுப்பு போனாப் போவுது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். குரல் சாதாரணமாக இருந்தது. ஒரு வார்த்தை, அப்பா என்பதற்கு மலாயில் பாப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மகள் உண்மை எழுதியவள் என்று ஆகியிருக்கும். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அதே வாயால் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன். அந்த மிஸ்ஸி தன் வெள்ளைக்காரச் சீமைக்குத் திரும்பிப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. போய்ச் சொல்லவும் இடமில்லை.

துறைமுகத்தில் கப்பல் ஆபீசில் ஒரு காகிதம் கொடுத்தார்கள், அக்கரையில் இறங்கும்போது அதிகாரியிடம் கொடுக்க வேண்டியது. பேர், வயது, தொழில் என்று கட்டம் கட்டமாக இங்கிலீஷில் கேட்டிருந்தது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆபீஸ் வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். பூரணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பேனாவை வாங்கி, பலகையில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள். எவ்வளவு வேகம்! ஒரு எழுத்துக்குக்கூட நிற்கவில்லை. பேனா அந்தக் காகிதத்தில் ஓடியதைப் பார்த்தபோது, என் வண்டி இருபத்தெட்டும் ஒன்றுமில்லை என்று தோன்றியது. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றாள்.

"அப்பா, நெரந்தரமா இருக்கிற ஊர் எதுன்னு கேட்டிருக்கான். எதப் போட?"

எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. கப்பலில் சங்கு ஊதினார்கள். நாற்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் நான் மலாயாக்காரர், இங்கே நான் ஊர்க்காரன். "நீயே ஒண்ணப் போடும்மா" என்றேன்.

அவள் குனிந்து ஒரே வரியாக எழுதினாள். மை காய ஊதினாள். நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டாள். என்ன எழுதினாய் என்று கேட்க வாய் வந்தது. இத்தனை வருஷம் கழித்து, நடுவில் ஆள் யாரும் இல்லாமல், அவளிடமே கேட்டிருக்கலாம். ஏணியில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

ஏழு நாள் அது என் நெஞ்சோடு கடலில் வந்தது. தினம் எடுத்துப் பிரித்துப் பார்ப்பேன். கடைசி வரியின் எழுத்துகளைக் கண்ணாலேயே தடவுவேன். தலைகீழாகப் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான். பக்கத்து அறையில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் இருந்தார். அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மனம் வரவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கியதும் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி காகிதத்தை வாங்கினார். மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். சரி என்று தலையாட்டி, முத்திரை குத்தி, காகிதத்தை எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.